அண்மையில் படித்தவை: நம்மைப் பற்றிய நாவல்களில் நம் வேலை எங்கே?

டிக்கோயா வாசகி:

கொஞ்ச நாளாகப் படித்த புத்தகங்களைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று இருந்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். படிப்பதெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலும், இரவு அடுப்படி ஒதுக்கிய பிறகும்தான். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

முதலில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் வந்த சின்ன நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா, இவர்களைச் சுற்றித்தான் கதை. சென்னையை நான் பார்த்தது கிடையாது. ஆனாலும் அந்தத் தெரு எனக்கு நன்றாகப் புரிந்தது. மாசி, பங்குனியில் மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் மெலிந்து நூல் போல இறங்கும்போது எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஓடி ஓடி அடுப்பையும் பார்ப்பார்கள். அதே அவசரம் இந்த நாவலில் இருக்கிறது. யாரும் தங்கள் துன்பத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும், எத்தனை குடம், யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் அந்த வீட்டு அம்மா முகம் எப்படிப் போகும், இப்படி வேலை நடந்துகொண்டே இருக்கிறது. டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லும் இடத்தில் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அடுத்தது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', 1964இல் வந்தது. நம் தோட்டத்துப் பெண்களின் கதையை ஒரு பெண்ணே இவ்வளவு காலத்துக்கு முன்னால் நாவலாக எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். ஊரை விட்டுக் கிளம்பி வரும் கதையை எத்தனை தரம் படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. சில இடங்களில் எழுதியவர் நேராக நம்மிடம் திரும்பி விளக்கம் சொல்வது போல் இருந்தது. அந்த இடங்களைத் தாண்டிப் போனேன்.

பிறகு 'எரியும் பனிக்காடு'. பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா. முருகவேளின் தமிழில். 'பரதேசி' படம் இதிலிருந்து எடுத்ததுதான். கதை நடப்பது வால்பாறைப் பக்கம். கருப்பனும் வள்ளியும் ஊரிலிருந்து ஆசை காட்டிக் கொண்டுவரப்படுகிறார்கள். இந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்து வைத்தது கணக்குதான். முன்பணம் எப்படிக் கடனாகிறது, வருஷம் முழுக்க உழைத்த பிறகும் அந்தக் கடன் ஏன் குறைவதில்லை என்று படிப்படியாகக் காட்டுகிறார். நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ, அந்தப் பக்கங்களில் எனக்கு வந்த கோபம் அழுகைக் காட்சிகளில் வரவில்லை.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் படித்தேன். மருதியை மறக்க முடியாது. ஆனால் அதில் வரும் இலங்கைத் தோட்டத்தைவிடத் திருநெல்வேலிக் கிராமம்தான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

சரி, இப்போது மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இவற்றோடு நம் ஆட்கள் எழுதிய வேறு சில நாவல்களையும் படித்தேன். பெயர் வேண்டாம். துரை கெட்டவர், கங்காணி அவருடைய கையாள், தொழிலாளி அழுகிறார், கடைசியில் ஒரு வேலைநிறுத்தம். எதுவும் பொய் இல்லை. ஆனால் கொழுந்து எடுப்பதை எழுத வேண்டிய இடத்தில் "விரல்கள் நடனமாடின" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த அழுகைக்குப் போய்விடுகிறார்கள். என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மழையில் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனத்து, அட்டை ஏறி, ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறையைக் கழித்து, ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய நிறையான நோம் எட்டாவிட்டால் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டு, அதற்காகக் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடித்து, அந்தச் சண்டையிலேயே ஒரு பகிடியும் விட்டு, சிரித்துக்கொண்டே மலை ஏறுவார்கள். அந்தச் சண்டையும் அந்தச் சிரிப்பும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வேலையைத் தெரிந்துகொண்டு எழுதினால் துன்பம் தானாகவே தெரியும் என்பதுதான் என் கருத்து. அப்படி எழுதிய புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய பென்சில் (தலவாக்கலை):

மகள், உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். பாடசாலையில் நெடுங்காலம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். 'தண்ணீர்' பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் சரி. நம் நாவல்களைப் பற்றிச் சொன்னதில் பாதிக்கு மறுப்புச் சொல்லப் போகிறேன்.

அந்தப் புத்தகங்கள் எந்தக் காலத்தில் எழுதப்பட்டன என்று பாருங்கள். எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மடக்கொம்பரையில் பிறந்தவர். 1947 தேர்தலில் எங்கள் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. அடுத்த வருஷமே நம் குடியுரிமையைப் பறித்த சட்டம். அதற்கடுத்த வருஷம் வாக்கும் போனது. பாராளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்த மனிதருக்குத் தன் மக்களுக்காகப் பேசப் பேனா மட்டும்தான் மிஞ்சியது. அவர் எழுதிய ஒரு நாவலின் பெயர் 'வீடற்றவன்'. அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்கு முதல் வாசகர் நீங்களோ நானோ இல்லை. "இப்படி ஒரு சனம் இங்கே இருக்கிறது, பாருங்கள்" என்று வெளியில் இருப்பவனிடம் சொல்ல வேண்டி இருந்தது. மனு எழுதுகிறவன் பகிடியை எங்கே வைப்பான்?

அந்த மனு நிறைவேற எத்தனை காலம் ஆனது என்றும் யோசியுங்கள். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. அதுவரை அழுதுகொண்டே எழுதியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சி.வி. தோட்டம் தோட்டமாகப் போய் நாட்டுப் பாடல்களைச் சேர்த்தவர். நீங்கள் தேடும் சண்டையும் பகிடியும் அந்தப் பாடல்களில் நிறைய உண்டு. கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டு, மச்சானைச் சீண்டும் பாட்டு, அண்ணனைப் பறிகொடுத்த மலையைக் கையைக் காட்டிப் பாடும் பாட்டு, எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை.

---

ஊவாக் காற்று:

'தண்ணீர்' எனக்குப் பிடிக்கவில்லை. பண்டாரவளையில் இருந்து சொல்கிறேன், நானும் பீலிக்குப் போனவன்தான். கதை நகரவே இல்லை. குழி வெட்டுகிறார்கள், மூடுகிறார்கள், மறுபடியும் வெட்டுகிறார்கள். முடிவும் சட்டென்று நின்றுவிட்டது. நான் படிப்பது களைப்புத் தீர. 'பொன்னியின் செல்வ'னில் அருள்மொழி அநுராதபுரத்தில் இருக்கும் அத்தியாயங்களை இன்னும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன். நம் நாட்டு இடங்கள் வருவதால் ஒரு தனி ஆசை. வேலை முடிந்து வந்து வேலையைப் பற்றியே படிக்க வேண்டுமா?

---

மஸ்கெலியாத் தம்பி:

அக்கா, நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். அப்பா, அம்மா மஸ்கெலியாவில். தோட்டத்துக் கதைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. வேலையோடு எழுதினாலும் சரி, அழுகையோடு எழுதினாலும் சரி. என் வகுப்பில் என்னோடு படித்தவர்களில் கொழுந்து எடுக்கப் போனவர்கள் மிகக் குறைவு. கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள், கார்மெண்ட்ஸில் இருக்கிறார்கள், சிலர் வளைகுடா நாடுகளில். எங்களைப் பற்றிய நாவல் எங்கே? மலையகம் என்றாலே அட்டைப்படத்தில் கூடையைத் தூக்கிய பெண் ஒருத்தி. அந்தப் படத்தைப் பார்த்தாலே புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்'. கொழும்பில் குடும்பத்தோடு வாழும் ஒருவர், தமிழர் என்பதாலேயே சந்தேகத்தில் பிடிபடுகிறார். மலையகத்தான் கொழும்புக்கு வந்தால் அங்கே அவனை என்னவாகப் பார்க்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது. பொலிஸ் பதிவு, வீடு தேடுவது, பக்கத்து வீட்டுக்காரரின் பார்வை இதெல்லாம் என் அண்ணன்மார் சொல்லிக் கேட்டவை. அது 2010இல் வந்த புத்தகம். அதற்குப் பிறகு எங்கள் கதையை யார் எழுதினார்கள்?

---

மாத்தளை மிளகு:

புத்தகம் கிடைக்கிற வழியைக் கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் மேலே சொன்னதில் பாதி கடையில் இல்லை. தமிழ்நாட்டுப் பதிப்புகளின் இந்திய ரூபாய் விலையை நம் ரூபாய்க்கு மாற்ற மூன்றரையால் பெருக்கினால்கூட இங்கே கட்டாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புத்தகம் வாங்குவது என்பது வீட்டில் கேட்டுச் செய்கிற செலவாகிவிட்டது. நம் நாட்டுப் பழைய புத்தகங்களுக்கு நூலகம் இணையத்தளம்தான் கதி. 2005இலிருந்து ஸ்கேன் செய்து போடுகிறார்கள், காசில்லை. வீரகேசரிப் பத்திரிகை எழுபதுகளில் வெளியிட்ட மலிவுப் பதிப்பு நாவல்கள் பல அங்கே பார்க்கலாம். போனில் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம்தான். நான் பக்கங்களை அச்செடுத்து நூல் கோத்து வைத்திருக்கிறேன்.

கம்பளையில் என் மாமா ஒருவர் அலுமாரி நிறையப் பழைய இதழ்கள் வைத்திருந்தார். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது வெள்ளம் வீட்டுக்குள் ஏறி ஒன்றும் மிஞ்சவில்லை. யாரிடமாவது பழைய தோட்டத்து வெளியீடுகள், சங்கத்து மலர்கள், பாடசாலை மலர்கள் இருந்தால் தயவுசெய்து படமாவது எடுத்து வையுங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு: மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தீவு' தமிழில் இருக்கிறது. உபாலியும் ஜின்னாவும் செய்யும் குறும்புகளை என் மகன் இரவில் திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

---

கோத்தகிரிப் பேத்தி:

இந்த இழையைப் பார்த்ததும் கணக்கு ஆரம்பித்து எழுதுகிறேன். நான் நீலகிரியில் இருப்பவள். தாத்தா, பாட்டி புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 1964. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் இருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் இருந்து, பிறகு தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து. இங்கே எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள்.

'எரியும் பனிக்காடு' எங்கள் வீட்டில் எல்லோரும் படித்த ஒரே புத்தகம். பாட்டிக்கு நான் வாசித்துக் காட்டினேன். தோட்டத்து மேஸ்திரி பகுதி வந்ததும், "நம்ம கங்காணி இவன விட மோசம்" என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டார். ஒரு அத்தியாயம் முடிய ஒரு வாரம் ஆனது.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தத் திரும்பி வரும் பயணத்தைப் பற்றி உங்கள் பக்கம் யார் எழுதியிருக்கிறார்கள்? ரயில் நிலையத்தில் பிரிந்ததைப் பற்றிப் பாட்டி ஒன்றுமே சொல்ல மாட்டார். மற்ற எல்லாவற்றையும் சொல்வார்.

---

பழைய பென்சில் (தலவாக்கலை):

கோத்தகிரி மகளுக்கு: எங்கள் பக்கம் அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். மு. சிவலிங்கம் அதே பெயரில் சிறுகதை எழுதியிருக்கிறார், தேடிப் பாருங்கள். நான் சிறுவனாக இருந்தபோது மேடையில் நின்று பார்த்திருக்கிறேன். ரயில் புறப்பட்ட பிறகும் சனம் கலையவில்லை. லயத்தில் அடுத்த காம்பரா (அறை) ஆள் போய்விட்டார், நாய் மட்டும் இஸ்தோப்புத் திண்ணையில் கிடந்தது. உங்கள் பாட்டி சொல்லாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மஸ்கெலியாத் தம்பிக்கு: உங்கள் கேள்வி நியாயமானது. நான் பதில் சொல்ல முடியாது, உங்கள் வயதுக்காரர்கள்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

டிக்கோயா மகளுக்கு: நீங்கள் கேட்டது இருக்கிறது. என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. 1961இல் தினகரனில் வந்த சிறுகதை, பிறகு 1980இல் அதே பெயரில் தொகுதி. கொழுந்தின் நிறையை வைத்து ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு கிளம்புகிறது. அவ்வளவுதான் கதை. துரை வந்து யாரையும் அடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

இன்னொன்று மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்', 2014. கட்டுரைகள்தான், ஆனால் கதை போல வாசிக்கலாம். ஆபிரகாம் ஜோசப் என்பவர் 1869இலேயே 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். கோப்பித் தோட்டத்தைப் பற்றித் தமிழில் வந்த முதல் நூல்களில் ஒன்று. அதில் வேலை இருக்கிறது மகள். ஆனால் அந்த வேலையைத் துரையின் பக்கத்தில் நின்று பார்க்கிறார். தோட்டத்துரைக்குப் பெருமை, வேலைக்காரனுக்குப் புத்திமதி. வேலையைத் தெரிந்து எழுதினால் போதும் என்று நீங்கள் சொன்னதற்கு இதுதான் என் பதில். தெரிந்தவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மஸ்கெலியாத் தம்பி:

சேர், நான் எழுதத்தான் நினைக்கிறேன். ஆனால் எழுதி அனுப்பினால் "இதில் மலையகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒரு இதழில் என்னிடம் நேராகவே கேட்டார்கள். கதையில் வருபவன் புறக்கோட்டையில் மூட்டை கணக்கு எழுதுகிறவன், வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகிறான். அவன் மலையகத்தான் இல்லையா? தேயிலைச் செடி கட்டாயம் வர வேண்டுமா? இதனால்தான் அக்கா சொன்னதோடு எனக்கு ஒரு மனத்தாங்கல். துன்பத்தை எழுதச் சொல்லி ஒரு கட்டாயம் இருந்தது, இப்போது கொழுந்து எடுப்பதைச் சரியாக எழுதச் சொல்லி இன்னொரு கட்டாயம் வந்துவிடக் கூடாது.

---

லிந்துலை மருந்துச்சாலை:

நான் தோட்ட மருந்துச்சாலையில் வேலை செய்கிறேன். ஒரு விஷயம் யாராவது கவனித்தீர்களா? 'எரியும் பனிக்காடு' எழுதிய டேனியல் தோட்டத்தில் வேலை பார்த்த டொக்டர். 'குருதிமலை' எழுதிய தி. ஞானசேகரனும் டொக்டர், தோட்டங்களில் வேலை செய்தவர். எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. எங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும்போது ஆள் வேறு மாதிரிப் பேசுவார். முதுகு வலி என்று ஆரம்பிப்பார். எந்தக் கையால் கூடைக்கு எறிகிறீர்கள், எந்த மலையில் வேலை, எவ்வளவு தூரம் சுமந்து இறங்குகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் வலி எங்கே இருக்கிறது என்று தெரியும். பிறகு மகன் குடிப்பது, சீட்டுக்காசு போனது எல்லாம் வரும். அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்கள் நாவல் எழுதினால் அதில் உடம்பு இருக்கும்.

'குருதிமலை' 1979இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு தோட்ட நிலத்தைப் பறிக்கப் பார்ப்பதும், தொழிலாளர் ஒன்றாக எதிர்த்து நிற்பதும் கதை. 1977இல் டெவன் தோட்டத்தில் நிலப் பறிப்பை எதிர்த்த போராட்டத்தில் தொழிலாளி சிவனு லட்சுமணன் சுடப்பட்டுச் செத்த காலத்தை அறிந்தவர்களுக்கு அதைப் படிக்கும்போது கை நடுங்கும். டிக்கோயா வாசகி அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வேலைநிறுத்தத்தில் முடிகிற நாவல்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிலம் போனால் வேலையும் இல்லை, லயமும் இல்லை. அப்படி ஒரு நாளில் சனம் எதிர்த்து நிற்பதும் அவர்களுடைய வாழ்க்கைதான்.

---

ஊவாக் காற்று:

'தண்ணீர்' பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் தெளிவத்தையின் 'மீன்கள்' சிறுகதையை யாரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். அவர் எங்கள் ஊவாக்காரர், ஹாலி எலப் பக்கம். வயது வந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் படுத்து எழும்பும் குடும்பத்தின் சங்கடத்தை அதைவிட நேராக யாரும் எழுதவில்லை. நான் களைப்புத் தீரப் படிப்பவன் என்று சொன்னேன். அந்தக் கதையைப் படித்த அன்று தூங்கவில்லை. ஆனாலும் அதைத் தூக்கிப் போட மாட்டேன்.

---

டிக்கோயா வாசகி:

எல்லோருக்கும் நன்றி. 'ஒரு கூடைக் கொழுந்து' படித்துவிட்டேன். தனியாகப் படிக்கவில்லை, அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன்.

சேர், நீங்கள் சொன்னது சரி. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு கூடையில் எவ்வளவு கொழுந்து இருக்கிறது என்பதில் ஒரு பெண்ணின் மானம் தொங்குகிறது என்று வெளியாருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் லயத்தில் அது நடந்திருக்கிறது. அதிகம் எடுத்தாலும் பேச்சு, குறைய எடுத்தாலும் பேச்சு. ராமையா அதை ஒரு பெரிய தத்துவமாக்காமல், கொழுந்து எடுக்கப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசையான நிரைக்கும் மடுவத்துக்கும் நடுவில் நடக்கிற விஷயமாகவே எழுதியிருக்கிறார்.

அம்மா பாதியில் நிறுத்தச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். "எந்த மலையில எடுத்தாளாம்? கவ்வாத்து முடிஞ்சு எத்தனாவது வருஷம்?" செடியை வெட்டிக் கவ்வாத்துச் செய்து எத்தனை வருஷம் ஆனது என்று தெரியாமல் அவள் எடுத்த நிறையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது அம்மாவின் கட்சி. நல்ல நிரை கிடைத்தால் யார் கையும் ஓடும், ரோட்டோரத் தொங்கல் நிரை கிடைத்தால் எந்தக் கெட்டிக்காரியும் திணறுவாள், நிரை பிரித்துக் கொடுப்பது கங்காணி என்பதால் அங்கேயே பாதிக் கதை இருக்கிறது என்றார். பிறகு தான் நிரைக்கு நின்ற ஒரு நாளில் நல்ல நிரையை ஒருத்தி பறித்துக்கொண்டதும், தான் மத்தியானத்துக்குள் அவளைத் தாண்டியதும் என்று ஒரு மணி நேரம் பேச்சு. இதை எல்லாம் எந்த நாவலாசிரியரும் வந்து கேட்டதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது பதில்கள். சேர், மனு எழுதுகிறவன் பகிடியை எங்கே வைப்பான் என்று கேட்டீர்கள். சி.வி.யின் காலத்துக்கு அது பொருந்தும், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் 1961இல் ராமையா எழுதிவிட்டாரே. அதே குடியுரிமை இல்லாத காலம்தான் அது. அப்படியென்றால் முடிந்திருக்கிறது. ராமையாவுக்குப் பிறகு வந்தவர்கள் அவர் வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். கோப்பிக் கும்மி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். மடுவத்தில் தராசைப் பிடிப்பவனுக்கும் வேலை தெரியும். கூடையைச் சுமப்பவளின் பக்கத்தில் நின்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மஸ்கெலியாத் தம்பி, உங்களுக்குத் தேயிலைச் செடி வேண்டாம். புறக்கோட்டை மூட்டைக் கணக்கை எழுதுங்கள். நான் கேட்பதும் அதைத்தான். கடையில் கணக்கு எழுதுகிறவள் நான், தோட்டத்தில் பேர் பதிந்தவள் இல்லை. என்னைப் பற்றியும் புத்தகம் இல்லை. முதலாளி கடைசி நேரத்தில் கொண்டுவந்து கொடுக்கும் பில்கள், சிங்களத்தில் எழுதிய ரசீதைத் தமிழில் பதிவது, ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியாமல் நிற்பது, இதையெல்லாம் ஒருவர் எழுதினால் அட்டையில் எந்தப் படம் இருந்தாலும் வாங்குவேன்.

லிந்துலை, டொக்டர்களைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததிலிருந்து 'எரியும் பனிக்காட்டை' மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் வரும் இடங்களை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். 'குருதிமலை' கட்டாயம் படிப்பேன்.

---

மஸ்கெலியாத் தம்பி:

அக்கா, அம்மா சொன்னதை எழுதி வையுங்கள். நிரை பிரிக்கும் கதை முழுவதையும். உண்மையாகச் சொல்கிறேன், இந்த இழையில் வந்த எல்லாவற்றையும்விட அதைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன். தோட்டத்துக் கதை அலுத்துவிட்டது என்று சொன்ன நானே கேட்கிறேன்.

---

கோத்தகிரிப் பேத்தி:

நானும் கேட்கிறேன். பாட்டியிடம் உங்கள் அம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். "கவ்வாத்து முடிஞ்ச ரெண்டாவது வருஷம்னா கொழுந்து வெள்ளமா வரும்" என்று உடனே பதில். நீலகிரியில் நிரை எப்படிப் பிரித்தார்கள், புசல்லாவையில் எப்படி என்று வித்தியாசம் சொல்கிறார். போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.

---

பழைய பென்சில் (தலவாக்கலை):

மகள், ராமையாவை வைத்து என்னை மடக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் எழுதியது சிறுகதை. சிறுகதையில் ஒரு கூடையைக் காட்டி நிறுத்திவிடலாம். நாவல் என்றால் அந்தக் கூடை எங்கே போகிறது, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் போய், கொழும்பு ஏலத்துக்குப் போய், யார் கோப்பையில் விழுகிறது என்று பின்னால் போக வேண்டும். அங்கே அரசியல் வந்தே தீரும். அதை அழுகை இல்லாமல் எழுத முடியும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் இன்னும் அப்படி ஒன்றைப் படிக்கவில்லை. 'குருதிமலை' படித்த பிறகு எழுதுங்கள், இதைத் தொடர்வோம்.

---

மாத்தளை மிளகு:

'குருதிமலை' என்னிடம் நூல் கோத்த பிரதி இருக்கிறது. நடுவில் இரண்டு பக்கம் ஸ்கேனில் மங்கல், அந்த இடத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். டிக்கோயா வாசகி, என் மச்சான் வெள்ளிக்கிழமை ஹட்டனுக்கு வருகிறார். கடை நேரத்தைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்ததும் மஸ்கெலியாத் தம்பி ஊருக்கு வரும்போது அவருக்கு மாற்றிவிடுங்கள்.